பதினெட்டு நிமிடம் மூன்றானபோது

நான் வேலையிலிருந்து நின்று நாலு மாதம் ஆகியிருந்தது. பழைய ஆபீஸிலிருந்து ஒரு போன் வந்தது. எனக்குப் பிறகு சேர்ந்த பெண். பர்மியத்தில் பேசினாள்.

"சயாமா, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் மெமரி மாத்தியிருக்கோம். புதுசா எந்தப் பாகம் போட்டாலும் மூணு நாள் ஒரே புரோகிராமைத் திரும்பத் திரும்பக் கம்பைல் பண்ணி ஒப்பிட்டுப் பாக்கணும்னு சுவத்துல ஒரு தாள் இருக்கு. அது எதுக்குன்னு இங்க யாருக்கும் தெரியலை. உங்க கையெழுத்தும் அதுல இருக்கு."

சயாமா என்றால் ஆசிரியை. எங்கள் ரங்கூனில் தொழிலில் மூத்த பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஆண்களைச் சயா என்று. அவளிடம் போனில் கொஞ்சம் சொன்னேன். முழுவதையும் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் சரஸ்வதி. ஆபீஸில் என் பர்மியப் பெயர் டோ சான் யீ. தாத்தா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை எண்ணியவர். அப்பா அதே துறைமுகத்தில் குமாஸ்தா. நான் கணிதம் படித்து, அரசாங்கக் கம்ப்யூட்டர் நிலையம் ஒன்றில் அட்டை துளைக்கும் வேலையில் சேர்ந்து, அங்கேயே நிரல் எழுதவும் கற்றுக்கொண்டேன். எண்பத்தெட்டின் கிளர்ச்சியில் ஊரே மூடிக் கிடந்தது. திறந்தபோது பழைய வேலை இல்லை. சில வருடம் டியூஷன் சொல்லிக்கொடுத்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் ஊ மியினின் கம்பெனியில் சேர்ந்தேன். இரண்டு அண்ணன்மாரும் எப்போதோ கப்பலேறிச் சென்னைக்குப் போய்விட்டார்கள். அம்மாவும் காலமான பிறகு ரங்கூனின் தாம்வே பகுதியில் இரண்டு அறை வீட்டில் நான் மட்டும்தான்.

ஆபீஸ், சீனர் பகுதியான லத்தாவில், உலர்ந்த காளானும் மருந்து வேர்களும் விற்கும் கடைகளுக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது. ஆறு பேர். தனியார் கிளினிக்குகளுக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தோம். பரிசோதனைக்காரர் எண்ணை அடித்தால், அது சரியான அளவுக்குள் இருக்கிறதா என்று புரோகிராம் பார்க்கும். குறைந்தாலோ கூடினாலோ பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு அச்சிடும். வேலை நெரிசலில் டாக்டர்கள் முதலில் தேடுவது அந்த நட்சத்திரத்தைத்தான்.

நிரலும் திரைகளும் என் பொறுப்பு. அளவு அட்டவணைகளைத் தட்டச்சு செய்து சரிபார்ப்பது நூர்ஜஹானின் வேலை. ஆபீஸில் அவள் பெயர் மா கின் நூ. எனக்கு நூரு. என்னைவிட ஆறு வயது இளையவள், தின்கன்ஜூனில் வீடு. வீட்டுக்காரர் கப்பலில் வேலை, வருடத்தில் பத்து மாதம் கடலில். அவள் வாப்பாவின் குடும்பம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து துணி வியாபாரத்துக்கு வந்தது. தமிழ் பேசுவாள், நடுநடுவே பர்மியம் வந்து விழும். அந்த ஆறு பேரில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

நாங்கள் எழுதும் நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றுவதற்குக் கம்பைல் என்று பெயர். என் மேசைக் கம்ப்யூட்டரில் அதற்குப் பதினெட்டு நிமிடம் ஆகும். ஓர் எழுத்தைத் திருத்தினாலும் பதினெட்டு நிமிடம். அந்த நேரத்தில் வேறெதுவும் செய்ய முடியாது, சுட்டி கூட நகராது. நான் விசையைத் தட்டியதும் நூரு நாற்காலியை என் பக்கம் திருப்பிவிடுவாள்.

"போட்டாச்சாக்கா? அப்ப வாங்க, தண்ணிய குடிச்சிட்டு வருவம்."

தண்ணி என்றால் டீ. கீழே தெருவோர டீக்கடையில் குட்டி முக்காலியில் உட்காருவோம். அவள் மாமியார் சண்டை, வீட்டுக்காரர் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறார், எந்தக் கடையில் நல்ல கருவாடு. பெரிதாக ஒன்றும் இல்லை. சில நாள் கம்பைல் நடுவில் மின்சாரம் போய்விடும். "மீ போச்சுக்கா, இன்னொரு தண்ணி" என்பாள். மின்சாரத்துக்கு அவள் வாயில் மீ என்ற பர்மியச் சொல்தான் வரும். ஒரு நாளில் மூன்று நான்கு கம்பைல். என் நாளில் நான் தமிழ் பேசியதெல்லாம் அந்த நேரத்தில்தான். அப்போது அது எனக்குத் தெரியாது. இயந்திரம் மெதுவாக இருக்கிறது என்று எரிச்சல்பட்டதுதான் நினைவிருக்கிறது.

மழைக்காலம் வர இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு கிளினிக் புதிய அறிக்கைகள் கேட்டது. டெங்கு பரவும் முன் வேண்டும் என்றார்கள். இந்த இயந்திரத்தை வைத்துக்கொண்டு முடியாது, புதிய பிராசஸர் வேண்டும் என்று ஊ மியினிடம் கேட்டேன்.

ஊ மியின் அறுபதை நெருங்கியவர், முன்பு வானொலிப் பெட்டிகள் பழுது பார்த்தவர். குரல் உயர்த்த மாட்டார். எதைச் சொன்னாலும் முதலில் கேட்பது ஒரே கேள்வி.

"அளந்தீங்களா?"

"தினமும் பாக்கிறேன் சயா. பதினெட்டு நிமிஷம் ஆகுது."

"அது நீங்க காத்திருக்கிற நேரம். இயந்திரம் எதுக்காகக் காத்திருக்குதுன்னு பாத்தீங்களா?"

கோடு போட்ட ஒரு தாளைத் தந்தார். என்ன வேலை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கடைசிக் கட்டத்தில் 'சிவப்பு விளக்கு'. பெட்டியின் முகப்பில் டிஸ்க் ஓடும்போது எரியும் சின்ன விளக்கு அது. ஒரு வாரம் கைக்கடிகாரத்தை மேசையில் கழற்றி வைத்து எழுதினேன். கம்பைல் தொடங்கி இரண்டு நிமிடத்தில் விளக்கு எரிய ஆரம்பிக்கும், பிறகு அணைவதே இல்லை. உள்ளே டிஸ்க் கரகரவென்று ஓடிக்கொண்டே இருக்கும்.

ஊ மியின் தாளைப் பார்த்துவிட்டு, "பிராசஸர் சும்மா உக்காந்திருக்கு" என்றார். மெமரியில் இடம் போதாமல் இயந்திரம் எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதுவதும் திரும்ப எடுப்பதுமாக இருக்கிறது. அதையும் அவர் நம்பிவிடவில்லை. முன்னறைக் கம்ப்யூட்டரின் மெமரித் துண்டைக் கழற்றி ஒரு மணி நேரம் என் இயந்திரத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஏழு நிமிடத்தில் முடிந்தது. அதன் பிறகுதான் வாங்கச் சம்மதித்தார்.

அந்த நாளில் கம்ப்யூட்டர் பாகங்கள் சிங்கப்பூரிலிருந்தும் பாங்காக்கிலிருந்தும் யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால்தான் உண்டு. இரண்டு மெமரித் துண்டுகள் கிடைத்தன. புதியவை என்றுதான் சொன்னார்கள். நானே மாட்டினேன். மின் இணைப்பைப் பிடுங்கி, ஜன்னல் கம்பியைத் தொட்டு உடம்பிலிருக்கும் மின்னூட்டத்தை இறக்கி, துண்டின் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து, இரண்டு கட்டை விரலாலும் ஒரே சீராக அழுத்தினேன். இரண்டு பக்கமும் கொக்கி கிளிக்கென்று விழுந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் மெமரியை எண்ணும் எண் பழைய இடத்தில் நிற்காமல் நான்கு மடங்கு வரை ஓடியது. நூரு பின்னால் நின்று கை தட்டினாள்.

கம்பைல் மூன்று நிமிடத்தில் முடிந்தது.

ஊ மியின் இன்னொரு தாள் தந்தார். ஒன்பது கட்டம். மூன்று நாள்; காலை, நண்பகல், பிற்பகல். ஒவ்வொரு முறையும் ஒரே நிரலைப் புதிய மெமரியில் கம்பைல் செய்து, பழைய மெமரியில் செய்து வைத்த கோப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். தேதி பதியும் இடத்தைத் தவிர வேறெதுவும் மாறியிருக்கக் கூடாது. மூன்று நாளும் அந்த இயந்திரத்தில் வேறு வேலை கிடையாது.

முதல் நாள் காலை ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. கிளினிக்கிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. மூன்று நிமிடத்தில் முடியும் இயந்திரத்தைச் சும்மா வைத்திருக்க என்னால் முடியவில்லை. மீதி எட்டுக் கட்டத்திலும் டிக் போட்டு, மூன்றாம் நாள் தாளைக் கொடுத்தேன்.

"மூணு நாளும் பாத்தீங்கல்ல?" என்று கேட்டார்.

"பாத்தேன் சயா."

அந்த வாரத்தில் என் வேலை பறந்தது. நாளைக்கு இருபது கம்பைல். மூன்று நிமிடத்துக்கு யாரும் மாடியிறங்கிப் போவதில்லை. முதலில் இரண்டொரு நாள் நூரு நாற்காலியைத் திருப்பினாள். "ஒரு நிமிஷம் நூரு, இதோ முடிஞ்சிடும்" என்பேன். முடிந்துவிடும், அடுத்ததைத் தொடங்கிவிடுவேன். பிறகு அவள் திருப்பவில்லை. தனியாகக் கீழே போய்க் குடித்துவிட்டு வந்தாள். ஒரு தடவை ஒரு பொட்டலத்தில் எனக்குச் சமோசா வாங்கிவந்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மாலையில்தான் பார்த்தேன். ஆறியிருந்தது.

புரோகிராமைக் கொடுத்து மூன்று வாரம் இருக்கும். மழை பிடித்துவிட்டிருந்தது. ஒரு காலையில் கிளினிக்கின் தலைமை டாக்டரம்மா நேரில் வந்தார். ஈரக் குடையை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, உட்காராமல், ஓர் அறிக்கையை ஊ மியின் மேசையில் வைத்தார்.

ஆறு வயதுப் பெண் குழந்தை, நான்கு நாள் காய்ச்சல். ரத்தத் தட்டணு நூற்றுப் பதினெட்டாயிரம். நூற்றைம்பதாயிரத்துக்குக் கீழே போனால் நட்சத்திரம் விழ வேண்டும். விழவில்லை. பணியில் இருந்த இளம் டாக்டர் நட்சத்திரம் இல்லாததைப் பார்த்து மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் மாலை மூக்கில் ரத்தம் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

"பிழைச்சுக்கும்னு நினைக்கிறோம்" என்றார் டாக்டரம்மா. "உங்க புரோகிராமை நிறுத்திட்டோம்."

கொடுத்த புரோகிராமின் பிரதி ஆபீஸில் இருந்தது. ஓட்டிப் பார்த்தோம். அதில் எல்லை நூற்றைம்பது இல்லை. நூற்றுப் பத்து.

ஊ மியின் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அட்டவணையைத் தட்டச்சு செய்தது யார் என்று கேட்டார். நூரு தன் கோப்பைத் திறந்து காட்டினாள். அதில் நூற்றைம்பது என்று சரியாகத்தான் இருந்தது.

நான் கோப்பின் தேதியைப் பார்த்தேன். அன்று காலை ஒன்பதேகாலுக்கு மாற்றப்பட்டதாகக் காட்டியது. டாக்டரம்மா வந்தது ஒன்பதரைக்கு. ஒன்பது மணிக்கே கிளினிக்கிலிருந்து போன் வந்து, ஆபீஸ் முழுக்க விஷயம் தெரிந்திருந்தது.

"இன்னைக்குக் காலைல சேமிச்சிருக்கு" என்று பர்மியத்தில் சொன்னேன், ஊ மியினுக்குக் கேட்கும்படியாக.

நூரு என்னைப் பார்த்தாள். தமிழில் சொன்னாள். "அக்கா, நான் சீனி வரியத் திருத்தினேன். நேத்தே நீங்கதான் திருத்தச் சொன்னீங்க. இதைத் தொடலை."

அட்டவணையில் ரத்தச் சர்க்கரை அளவின் வரியைத் திருத்தச் சொன்னது உண்மை. ஆனால் ஒன்றைத் திருத்தும்போதே இன்னொன்றையும் திருத்தியிருக்கலாம் அல்லவா? அப்படித்தான் என் மனம் ஓடியது.

"என்ன சொல்றாங்க?" என்று ஊ மியின் என்னிடம் கேட்டார்.

"வேற வரியைத் திருத்தினதா சொல்றாங்க."

"சொல்றாங்க" என்றேன். திருத்தச் சொன்னது நான்தான் என்று சேர்க்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. ஊ மியின் அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. காரணம் தெரியும் வரை அட்டவணைகளைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். நூரு இடத்துக்குப் போனாள். மேசை இழுப்பறையைக் காலி செய்து, சாப்பாட்டுக் கேரியரையும் குடையையும் எடுத்துக்கொண்டு, என் மேசையைக் கடந்து போனாள். என் திரையில் கம்பைல் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஐந்து வாரம் அவள் வரவில்லை. அட்டவணை வேலையும் என்னிடமே வந்தது. பகல் முழுக்க யாரிடமும் பேசாமல் போன நாட்கள் உண்டு. ஒருநாள் பிற்பகல், நிரலில் எதுவும் மாற்றாமலே கம்பைல் பிழை காட்டியது. மறுபடி ஓட்டினேன், பிழை இல்லை. மூன்றாம் தடவை வேறொரு வரியில் பிழை. மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டரில் கம்ப்யூட்டர் மட்டும்தான், ஏசி கிடையாது. பெட்டியின் மேல் கை வைத்தால் சுட்டது.

நான் உண்மையில் ஒப்பிட்டுப் பார்த்தது காலைக் குளிர்ச்சியில் ஒரே ஒரு கட்டம்தான் என்பது அப்போதுதான் நெஞ்சில் இடித்தது.

மறுநாள் அதே பிற்பகல் வெக்கையில் ஒரே நிரலை ஐந்து தடவை கம்பைல் செய்து ஒப்பிட்டேன். இரண்டில் வித்தியாசம். ஓரிடத்தில் ஏழு மூன்றாகியிருந்தது. இன்னோரிடத்தில் ஆறு இரண்டாகியிருந்தது. எங்கே மாறினாலும் நாலுதான் குறைந்தது. மெமரித் துண்டில் ஒரு புள்ளி, சூடேறினால் நான்கை மறந்துவிடுகிறது. நூற்றைம்பதின் நடுவிலிருக்கும் ஐந்தில் நான்கு போனால் ஒன்று. நூற்றுப் பத்து.

இருந்தும் ஊ மியின் கேட்பார் என்று கிளினிக்குக்குக் கொடுத்த பிரதியை முழுக்கத் தேடினேன். யாரும் திறக்காத ஒரு திரையில் ஆங்கிலத்தில் 'டேட்' என்று இருக்க வேண்டிய தலைப்பு 'டேட்டா' என்று இருந்தது. கடைசி எழுத்தான 'இ' நான்கு எழுத்துப் பின்னால் போய் 'ஏ' ஆகியிருந்தது. அந்தத் திரை நான் எழுதியது. என் கோப்பில் அது சரியாக இருந்தது, புரோகிராமைக் கொடுத்த நாளுக்கு முன்பிருந்தே யாரும் அதைத் தொடவில்லை. நூரு மாற்றியிருக்க வழியே இல்லை.

இரண்டு துண்டுகளையும் மாற்றி மாற்றிப் போட்டு எது கெட்டது என்று கண்டுபிடித்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஊ மியின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். எட்டுக் கட்டத்தையும் சொன்னேன்.

அவர் கோப்பு அலமாரியிலிருந்து அந்தத் தாளைத் தேடி எடுத்தார். என் முன்னால் வைத்துப் பேனாவைத் திறந்து தந்தார்.

"உண்மையா எத்தனை கட்டம்னு இதுலயே கீழ எழுதுங்க. இன்னைக்குத் தேதி போடுங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, எந்தப் பாகம் மாற்றினாலும் மூன்று நாள் ஒப்பிட வேண்டும் என்ற விதியை அவர் என் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே எழுதினார். இனிமேல் கொடுக்கும் புரோகிராமோடு மூல நிரலின் பிரதியையும் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து, தாளைச் சுவரில் ஒட்டினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"டாக்டரம்மாவுக்கு நான் சொல்றேன்" என்றார். "மா கின் நூகிட்ட யார் சொல்றது?"

"நான் போறேன் சயா."

மறுநாள் ஞாயிறு. தின்கன்ஜூன் பஸ்ஸில் ஏறிப் போனேன். நூரு கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தாள். நான் தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன். மெமரித் துண்டு, வெக்கை, நாலு, டேட்டா. டிக் போட்டதையும் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டாள்.

பிறகு பர்மியத்தில் பேசினாள்.

"சயாமா, அந்தக் குழந்தை எப்படி இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. ஐந்து வாரத்தில் நான் ஒரு தடவைகூட விசாரித்திருக்கவில்லை.

"தெரியலை நூரு."

"நான் ரெண்டு தடவை கிளினிக்குக்குப் போன் பண்ணினேன். ஆபீஸ்ல இல்லாதவங்களுக்குச் சொல்ல முடியாதுன்னுட்டாங்க." கோப்பையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "மெஷின் சொன்னதும் வந்திருக்கீங்க. நான் சொன்னப்ப வரலை."

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். தலையசைத்தாள். திரும்ப வேலைக்கு வரச் சொல்லி ஊ மியின் கொடுத்த கடிதத்தை மேசையில் வைத்தேன். அவள் அதைப் பிரிக்கவில்லை. வாசல் வரை வந்து, "மழை வரும் போல, பாத்துப் போங்க சயாமா" என்றாள். அதுவும் பர்மியத்தில்தான்.

மறுவாரம் நான் கிளினிக்குக்குப் போய் டாக்டரம்மாவிடம் கேட்டேன். குழந்தை வீட்டுக்குப் போய்விட்டது என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாயாரிடம் கேட்டு விலாசம் வாங்கித் தந்தார். ஷ்வேப்யிதாவில், தொழிற்சாலைப் பேட்டைக்குப் பின்னால் மூங்கில் வீடு. தாய் தையல் ஆலையில் வேலை செய்பவள். நான் யார், என்ன நடந்தது என்று சொன்னேன். மெமரி என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தடுமாறினேன்.

"மெஷின்ல எண் தப்பாயிடுச்சு. அதைச் சரியா பாக்காதது நான்."

"அன்னைக்கு ராத்திரி அவ கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு" என்றாள். பிறகு, "இப்ப நல்லாச் சாப்பிடறா. நீங்களே பாருங்க" என்று கூப்பிட்டாள்.

குழந்தை வெளியிலிருந்து ஓடிவந்தது. முடி ஒட்ட வெட்டியிருந்தது, முன்பல் ஒன்று இல்லை. என்னைப் பார்த்து வெட்கப்பட்டுத் தாயின் லுங்கிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டு மறுபடி ஓடிப்போனது. அது ஓடுவதைச் சந்து திரும்பும் வரை பார்த்தேன்.

அங்கிருந்து நேராக இரண்டு பஸ் மாறித் தின்கன்ஜூன் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைத் தமிழில் அடுக்கிக்கொண்டே போனேன். முடி வெட்டியிருப்பது, பல், ஓடுவது எல்லாம். நூருவின் கதவில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்மணி எட்டிப் பார்த்தார்.

"மா கின் நூவா? நாலு நாள் முன்னாடி போயிட்டாங்க. வீட்டுக்காரருக்குப் பினாங்குல கரைமேல வேலை கிடைச்சிருக்காம். மாமியாரையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

"விலாசம் ஏதும் குடுத்தாங்களா?"

"இல்லையே. கடுதாசி போடறேன்னாங்க. போட்டா ஏதாவது சொல்லணுமா?"

"குழந்தை நல்லா இருக்குன்னு எழுதுங்க. ஓடி விளையாடுதுன்னு எழுதுங்க."

"உங்க குழந்தையா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் இன்னும் ஏதோ கேட்கப்போகிறார் என்று நின்றேன். அவர் கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.